டிக்கெட் கிழித்தவன் எழுதும் நன்றி மடல்

திருநெல்வேலி–பாபநாசம் ரூட்டில் என் பஸ்ஸில் ஏறி இறங்கிய அண்ணாச்சிமாருக்கும் மதினிமாருக்கும், எங்கள் சிந்துபூந்துறைத் தெருக்காரர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் தங்கச்சி மகள் சடங்கு. தாய்மாமன் சீர்த்தட்டில் பழந்துணித் துண்டுகளைச் சேர்த்து நான் தைத்த ஒட்டுப்போர்வையும் இருந்தது. மச்சான் அதைச் சபையில் விரித்துக் காட்டி, "எல்லாம் எங்க மச்சான் கைவேலை" என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். கண்டக்டர் கைக்கு இவ்வளவு நேராக நூல் ஓடுமா என்று ஆளாளுக்குத் தொட்டுப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாகப் போயிற்று. அந்தப் போர்வையில் என் கை பட்ட வேலை பாதிகூட இருக்காது. மற்ற கைகள் யாருடையவை என்று மேளச் சத்தத்துக்கு நடுவில் எங்கே சொல்ல? அதனால்தான் இந்த மடல்.

2019-ல் 58 வயதில் ஓய்வு பெற்றேன். அடுத்த மார்ச்சில் ஊரடங்கு வந்துவிட்டது. முப்பது வருடத்துக்கு மேல் ஓடுகிற பஸ்ஸில் நின்றவனை வீட்டில் உட்கார் என்றால் எப்படி? வீட்டுக்காரி அப்போது தெருவுக்கெல்லாம் பருத்தித் துணியில் மாஸ்க் தைத்துக்கொண்டிருந்தாள். மிஞ்சிய துண்டுகள் ஒரு சாக்கு சேர்ந்தன. "சும்மா குறுக்க குறுக்க நடக்காம இதையாவது ஒட்டுங்க" என்று அவள் எரிச்சலில் சொன்னதுதான் ஆரம்பம். ஆகவே முதல் நன்றி அவளுக்கு. இதைப் படித்துக் காட்டினால் "இதெல்லாம் எதுக்கு எழுதிக்கிட்டு" என்பாள். எழுதாமல் விட்டிருந்தால் இரண்டு நாள் பேச்சிருக்காது.

அவளுடைய மிதி மெஷின் என் காலுக்கு முதல் வாரம் முழுக்கப் பின்பக்கமாகவே ஓடியது. ஒவ்வொரு முறையும் நூல் அறுந்தது. ஊசி, நூல் இல்லாமல் பழைய நோட்டுத் தாளில் கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேல் ஓட்டிப் பழக வைத்தாள். பழஞ்சேலை வழுவழுவென்று நழுவும், வெட்டினால் கோணும். அதற்குச் சோற்றுக் கஞ்சி போட்டு விறைப்பாக்கி, இஸ்திரி போட்டு வெட்டச் சொன்னதும் அவள்தான்.

இந்த வெயிலூரில் போர்வை யாருக்கு என்று கேட்காத ஆளில்லை. சரி, சித்திரையில் யாருக்கும் வேண்டாம். ஆனால் ஆனி, ஆடியில் மேற்கே குற்றாலத்துச் சாரல் விழும்போது அம்பை (அம்பாசமுத்திரம்), வி.கே.புரம் (விக்கிரமசிங்கபுரம்) பக்கம் ராத்திரி ஜன்னலைத் திறந்து வைத்துப் படுத்துப் பாருங்கள். மார்கழிப் பனி இருக்கிறது. இப்போது வீட்டுக்கு வீடு ஏசி வேறு. அப்புறம், நம் ஊர்ப் போர்வைக்குள் பஞ்சு வைப்பதில்லை. ஒரு பழைய சேலையை நீளவாக்கில் இரண்டாக மடித்தால் உள்ளே இரண்டு அடுக்கு. இன்னொரு சேலையில் பாதி, அடித்துணி. மேலே ஒட்டுத்துணி. அவ்வளவுதான். குளிரைத் தாங்கும், மூச்சும் முட்டாது.

சேலை அகலம் ஏறக்குறைய 45 அங்குலம், அதனால் என் போர்வையும் அதே அகலம். நீளம் 90. ஐந்து அங்குலச் சதுரமாக ஒட்டினால் குறுக்கே 9, நெடுக 18, ஆக 162 துண்டு. சுற்றிலும் தையலுக்குக் கால் அங்குலம் விட்டு ஐந்தரையாக வெட்ட வேண்டும். வசூல் கணக்கை ராத்திரி பத்து மணிக்கும் பைசா குறையாமல் கட்டியவனுக்கு இது பெரிய கணக்கில்லை என்றுதான் நினைத்தேன். முதல் போர்வையில் கணக்கு உதைத்தது. ஒரு வரிசை அடுத்த வரிசையைவிட நாலு விரற்கடை நீளம். எங்கே தப்பு என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தும் பிடிபடவில்லை.

கண்டுபிடித்தது மேலப்பாளையம் ராத்தா. பீடி சுற்றுகிறவர். கடைக்கு இலைக்கட்டு வாங்கப் போகையில் என் பஸ்ஸில் வந்து பழக்கம். "ஒரு துண்டை வெட்டி, அதையே அளவா வச்சு அடுத்த துண்டை வெட்டுனீங்களோ?" என்று கேட்டார். ஆமாம், அப்படித்தான் செய்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் கத்தரி ஒரு நூலிழை வெளியே போகும். நூறாவது துண்டு வரும்போது அரை அங்குலம் பெருத்திருக்கும். பீடி இலைக்கு அவர்கள் ஒரே தகட்டை வைத்துத்தான் ஆயிரம் இலையும் வெட்டுகிறார்கள். வெட்டிய இலையை வைத்து அடுத்த இலையை வெட்டினால் அன்றைக்குக் கூலி போச்சு. ஒரு பழைய எண்ணெய் டின்னை வெட்டி ஐந்தரை அங்குலத்துக்குத் தகடு செய்து, ஓரத்தை மழுக்கி, அவரே கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு தைத்த 23 போர்வைக்கும் அதே தகடுதான். ஒரு மூலை சற்று வளைந்திருக்கிறது, மாற்ற மனசில்லை. ராத்தா, உங்கள் பேத்தியின் போர்வை அடுத்த மாதம் வந்துவிடும்.

துணி விஷயத்தில் ஏமாந்த கதையும் உண்டு. தையல் கடை வெட்டுத்துணி என்று ஒரு கடையில் எடைக்கு வாங்கினேன். பேர் வேண்டாம். பிரித்தால் முக்கால்வாசி பாலியெஸ்டர். பார்த்தால் பருத்தி மாதிரியே இருந்தது. வி.கே.புரம் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணாச்சியிடம் புலம்பினேன். ஹார்வி சகோதரர்கள் 1880-களில் தாமிரபரணி அருவித் தண்ணீரின் விசையை நம்பித் தொடங்கிய மில் அது. அந்த ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போட்டது. காலை ஷிப்டுக்குப் போகிறவர்களை ஏற்றி ஏற்றி அந்த ஊரில் எனக்குத் தெரியாத முகம் குறைவு. அண்ணாச்சி ஒவ்வொரு துணியிலும் நாலு இழையை உருவித் தீக்குச்சியைக் காட்டினார். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாக உதிர்ந்தது. மற்றது உருகிச் சுருண்டு, மிளகு மாதிரி கெட்டியாக உருண்டு நின்றது. "பிள்ளைக்குப் போர்த்துறதுல இத வைக்கலாமாடே?" என்று கேட்டார். வைக்கவில்லை. பழந்துணிக்குப் பருத்தி நூல்தான் என்பதும் அவர் கட்சி: பாலியெஸ்டர் நூல் அறாது, துணியைத்தான் அறுக்கும் என்பார். கைத்தையல் நூலைத் தேன்மெழுகில் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டால் சிக்கு விழாது என்றும் சொல்லிக்கொடுத்தார். நெல்லையப்பர் கோயில் ரத வீதியில் தேடி ஒரு மெழுகுக் கட்டி வாங்கினேன். இன்னும் பாதி இருக்கிறது.

வீரவநல்லூர் நெசவுக்கார அய்யாவுக்கு நன்றியோடு ஒரு மன்னிப்பும். ஒரு மதினி நைந்துபோன செடிபுட்டா சேலை ஒன்றைக் கொடுத்திருந்தார். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை அது, உடம்பெல்லாம் பூச்செடி. அதைத் தகட்டை வைத்து வெட்டப் போனபோது அய்யா வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தேன். கத்தரியைப் பிடுங்கிவிட்டார். "ஒரு புட்டாவுக்கு எத்தன தடவ நூல் கோக்கணும்னு தெரியுமா? செடியத் தலயில்லாம வெட்டுதீரே!" அப்புறம் அவரே சதுரத்தின் நடுவில் செடி வரும்படி சாக்பீஸில் குறி போட்டுக் கொடுத்தார். சாயம் போகிற சிவப்பை எப்படி முன்னாடியே அறிவது என்று கேட்டதற்கு, ஈர வெள்ளைத்துணியால் ஒரு ஓரத்தை அழுத்தித் தேய்த்துப் பார்க்கச் சொன்னார். அதைக் கேட்பதற்கு முன் தைத்த ஒரு போர்வை முதல் சலவையிலேயே ரோஸாகிவிட்டது. சுத்தமல்லிச் சின்னம்மா, அது உங்களுடையதுதான். வேணும்னே செய்ததில்லை.

கோரைப்பாய்க் கதையை மகள் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள், நானும் சொல்லிவிடுகிறேன். அடுக்குகள் நகராமல் இருக்க முதலில் பெரிய தையலாக நூலோட்ட வேண்டும். பாயை விரித்து, அதன் மேல் துணியை விரித்து, ஒரு மத்தியானம் முழுக்கக் குனிந்து ஓட்டினேன். முடித்துத் தூக்கினால் பாயும் சேர்ந்து வந்தது. பத்தமடைப் பட்டுப்பாயாக இல்லாதது என் நல்லகாலம். பிரித்தெடுக்க இரண்டு நாள் ஆயிற்று.

மகள் வேலை பார்ப்பது ஹுப்பள்ளியில். அவள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்கார அம்மா இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, வீடியோவில் வந்து வேறு வழி காட்டினார். அங்கே சித்தி மக்கள் தைக்கும் போர்வைக்குக் கவண்டி என்று பெயராம். ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டே நடுவுக்கு வருகிறார்கள். துண்டுகளையும் போகிற போக்கில் வைத்து மடித்துத் தைக்கிறார்கள். தகடும் வேண்டாம், மெஷினும் வேண்டாம். பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரி, "எந்தச் சித்தி? யாரோட சித்தி?" என்று கேட்டதில் அன்றைய பாடம் பாதியில் நின்றது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்து பல தலைமுறையாகக் கர்நாடகத்தில் இருக்கிற ஒரு சமூகத்தின் பெயர் அது என்று மகள் விளக்கினாள். நான் இப்போது சதுரங்களை மெஷினில் ஒட்டிவிட்டு, ஓட்டத் தையலை மட்டும் அவர்கள் மாதிரி ஓரத்திலிருந்து உள்ளே கொண்டுவருகிறேன். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, மகள் படித்துச் சொல்வாள்: தும்ப தன்யவாதகளு (மிக்க நன்றி).

2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளையும் எங்கள் தெரு மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை. பாபநாசம், மணிமுத்தாறு அணைத் தண்ணீரும் சேர்ந்து ஆறு தெருவுக்குள் வந்துவிட்டது. நாங்கள் மாடி வீட்டில் ஒதுங்கியபோது கீழே மூன்று மூட்டைத் துணியும் பாதி தைத்த இரண்டு போர்வையும் இருந்தன. துணிதானே என்று விட்டுவிட்டேன். எதிர்வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் இடுப்பளவு தண்ணீரில் போய்த் தலையில் வைத்துக் கொண்டுவந்தார்கள். மெஷினைத் தூக்கிக் கட்டில் மேல் ஏற்றியதும் அவர்கள்தான். மூட்டையெல்லாம் சேறும் நாற்றமும். சலவைக்கார அண்ணாச்சி தன் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருந்த நேரத்தில், ஒரு வாரம் கழித்து வந்து மூட்டையை வாங்கிப்போய் வெள்ளாவி வைத்து அவித்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. சில துணியில் சேற்றுக் கறை போகவே இல்லை. அந்தத் துண்டுகளையும் ஒதுக்காமல் தைத்தேன். அந்தப் போர்வை எங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

பழந்துணியைத் தைத்து நல்ல காரியத்துக்குக் கொடுப்பதா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. ஒரு சம்பந்தி வீட்டில் வாங்கி ஓரமாக வைத்துவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இருந்தது, இப்போது இல்லை. சீர் என்றால் புதுத்துணி என்பது நம் பழக்கம்தானே. வழி சொன்னது மூணாவது வீட்டு ஆச்சி. "பிறந்த பிள்ளயப் பழைய வேட்டியிலதான சுத்துதோம்? உள்ள பழசு இருக்கட்டும். சுத்திவரப் புதுத்துணியில பட்டை கட்டு. மூலையில மஞ்சளத் தொட்டு வையி. புதுத்துணிதான்." அன்றிலிருந்து எல்லாப் போர்வைக்கும் மூன்று அங்குலம் புதுப்பட்டை, மூலையில் மஞ்சள். சடங்குச் சபையில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றால் அது ஆச்சியின் வேலை. ஆச்சி இப்போது இல்லை. அவர் கண்டாங்கி ஒன்றை அவர் மகன் என்னிடம் கொடுத்திருக்கிறார், இன்னும் கத்தரி வைக்கவில்லை.

கடைசியாக என் டிரைவர் அண்ணன். பதினோரு வருடம் ஒரே வண்டியில் ஓடினோம். இப்போது வாரம் இரண்டு நாள் அவருக்கு டயாலிசிஸ். ரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பி வரும்போது உடம்பு சில்லிட்டு நடுங்குகிறது என்றார். அவருடைய பழைய காக்கி உடுப்பையும் என்னுடையதையும் சேர்த்து அவருக்கு ஒரு போர்வை தைத்தேன். காக்கி தடிமன், 14 நம்பர் ஊசி இரண்டு ஒடிந்த பிறகு 18 போட்டேன். என் சட்டையின் பையைப் பிரிக்காமல் அப்படியே ஒரு சதுரமாக, நெஞ்சுக்கு நேராக வரும்படி வைத்தேன், மாத்திரைச் சீட்டு வைக்க உதவுமே என்று.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் போர்த்திவிட்டபோது அவர் ஒன்றும் பேசவில்லை. மெதுவாக அந்தப் பைக்குள் இரண்டு விரலை விட்டுத் துழாவினார்.

"எங்கலே, மிச்சச் சில்லறை?" என்றார். சுற்றி இருந்த கட்டில்காரர்களெல்லாம் சிரித்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கண்டக்டர்,
சிந்துபூந்துறை