அக்காவுக்கு, கொலம்பஸிலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். போனில் பேசினால் "சாப்டியா, தூங்கினியா"வைத் தாண்டி அம்மா விடமாட்டாள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒஹாயோ குளிர் பழகிவிட்டது. அரிசி, பருப்பு, புளி எல்லாம் கிடைக்கிறது. முதுநகர்க் கருவாட்டுக்குத்தான் வழியில்லை, கிடைத்தாலும் ரூம்மேட் என்னை வீட்டைவிட்டுத் துரத்திவிடுவாள்.

எதிர்வீட்டு அத்தை இன்னும் "டாக்டருக்குத்தானே படிக்கிறா?" என்று கேட்கிறாராமே. இல்லை என்று சொல்லிவிடு. எனக்கு ஊசி போடவும் தெரியாது, மருந்து எழுதவும் தெரியாது. ஆஸ்பத்திரியை நடத்துவது எப்படி என்பதுதான் இந்த இரண்டு வருடப் படிப்பு: கணக்கு, சட்டம், ஆள் நிர்வாகம், கொஞ்சம் நோய்ப்பரவல் புள்ளிவிவரம். பாண்டிச்சேரியில் இன்சூரன்ஸ் கவுண்டரில் உட்கார்ந்து பைல் தள்ளினேனே, அந்த வேலையின் அடியும் நுனியும் இங்கேதான் புரிகிறது.

நம்ம முதலமைச்சர் காப்பீட்டில் ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று பேக்கேஜ் இருக்கிறதல்லவா? இங்கே 65 வயதைத் தாண்டியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேரிலும் 1983 முதல் அப்படித்தான். இன்ன நோய்க்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கொடுத்துவிடுவார்கள். நோயாளி எத்தனை நாள் படுத்தாலும் பெரும்பாலும் அதே பணம். அப்புறம் என்ன, எவ்வளவு சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புகிறார்களோ அவ்வளவு லாபம். அனுப்பியவர் அடுத்த வாரமே மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வருவார். இதைத் தடுக்க 2012 அக்டோபரிலிருந்து ஒரு வெட்டு வைத்தார்கள். மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, நிமோனியா மாதிரி சில நோய்களில், 30 நாளுக்குள் திரும்பி வருகிறவர்கள் அதிகமானால் அந்த ஆஸ்பத்திரிக்கு மெடிகேர் கொடுக்கும் பணத்தில் 3 சதவீதம் வரை பிடித்துக்கொள்வார்கள்.

பயிற்சிக்குப் போகிற இடத்தில் டிஸ்சார்ஜ் ஆகும் ஒரு தாத்தாவிடம் நர்ஸ் மாத்திரை டப்பாவைக் கொடுத்து, "எதை எப்போது போடுவீர்கள், நீங்களே சொல்லுங்கள்" என்றார். தாத்தா நீர் மாத்திரையை ராத்திரிக்கு ஒதுக்கினார். நர்ஸ் சிரித்துக்கொண்டே, "ராத்திரி முழுக்க பாத்ரூமுக்கு நடக்கப் போகிறீர்களா?" என்று கேட்டு காலைப் பக்கம் நகர்த்திவைத்தார். வீட்டுக்குப் போனபிறகு போனிலும் விசாரிக்கிறார்கள்.

அபராதத்துக்குப் பயந்துதான் இத்தனையும் என்று வகுப்பில் பாதிப் பேர் சொல்கிறார்கள். திரும்பி வந்தவரை அட்மிட் செய்யாமல் கண்காணிப்பில் வைத்திருப்பதாக, 'அப்சர்வேஷன்' என்று எழுதிவிட்டால் அட்மிஷன் கணக்கில் வராது, அந்தக் குறுக்கு வழியும் உண்டு. ஆனாலும் எனக்கு இந்த வெட்டு பிடித்திருக்கிறது. உன் வார்டில் நைட் டியூட்டி முடிந்தும் நின்று பாட்டிகளுக்கு மாத்திரை விளக்குகிறாய், அதற்கு ஒரு ரிஜிஸ்டரிலாவது இடம் உண்டா? இங்கே அது ஒருத்தருடைய வேலை, சம்பளம் உண்டு.

கல்விக் கடனைப் பற்றி மாமாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல். இப்போது வாரத்துக்கு 20 மணி நேரம், அதுவும் பல்கலைக்கழகத்துக்குள் மட்டுமே வேலை பார்க்கலாம். படிப்பு முடிந்ததும் 12 மாதம் வெளியில் வேலை செய்ய அனுமதி கிடைக்கும், வட்டியை அதில் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பாவை அடுத்த முறை ஜிப்மருக்குக் கூட்டிப் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் ஒரே பைலில் போட்டு எடுத்துப் போ. அவருடைய இதய நோய்க்கு உடம்பில் நீர் சேர்கிறதா என்று பார்க்க எடை மெஷின் ஒன்று வாங்கிவிடு, பணம் அனுப்புகிறேன். தினமும் காலையில் பாத்ரூம் போய்விட்டு, சாப்பிடும் முன் ஏறி நிற்கச் சொல். ஒரே நாளில் ஒரு கிலோவோ, வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேலோ ஏறினால் உடனே டாக்டரிடம் காட்டு. உனக்குத் தெரியாததா, ஆனால் நீ சொன்னால் அவர் கேட்கமாட்டார். அமெரிக்காவிலிருந்து சொன்னதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் தங்கை