பெயரிலேயே தறி இருக்கிறது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்னை தினத்தை ஒட்டி நீங்கள் வெளியிட்ட சிறப்புப் பக்கங்களை ஒரு வரி விடாமல் படித்தேன். கோட்டை, மயிலாப்பூர், திருவல்லிக்கேணி எல்லாம் விரிவாக வந்திருந்தன. சிந்தாதிரிப்பேட்டைக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி: மீன் வாங்க ஏற்ற இடம். மீன் மார்க்கெட் எங்களுக்குப் பெருமைதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வஞ்சிரமும் சங்கராவும் தேடி எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். ஆனால் கூவத்தின் வளைவுக்குள் அடங்கிய இந்தச் சின்ன இடத்தில் பிறந்து, அறுபது வயதைத் தாண்டியும் இங்கேயே இருப்பவள் என்ற உரிமையில், விட்டுப்போனதை எழுதுகிறேன்.

சின்னத் தறிப்பேட்டைதான் பேச்சில் தேய்ந்து சிந்தாதிரிப்பேட்டை ஆனது. 1734-இல் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட், சுங்குராமா என்ற வணிகரின் தோட்டம் இருந்த நிலத்தில் நெசவாளர்களைக் குடியமர்த்தினார். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அன்று துணிதான் பிழைப்பு. கோட்டைக்குக் கூப்பிடு தூரத்திலேயே நெய்து வாங்க நினைத்தார்கள். நூற்பவர், நெய்பவர், துணியில் சித்திரம் எழுதுபவர், வெளுப்பவர், சாயம் தோய்ப்பவர், கோயிலுக்கு வேண்டிய அர்ச்சகர், ஆடல் மகளிர் ஆகியோருக்கே இங்கு இடம் என்று விதித்திருந்தார்கள். ஒரு புடவை நூலில் தொடங்கி மடிப்பு வரைக்கும் எத்தனை கை மாறுமோ, அத்தனை கைகளும் அடுத்தடுத்த தெருவில் இருந்திருக்கின்றன! திருவொற்றியூர்ப் பக்கத்துக் காலாடிப்பேட்டையும் இப்படி நெசவாளர்களுக்காக வந்ததுதான். கவர்னர் காலட்டின் பெயர் அங்கே காலாடியாகிவிட்டது.

ஆதியப்ப நாராயண செட்டி என்ற அந்நாளைய வணிகர் கட்டிய ஆதிகேசவப் பெருமாள் கோயிலும் ஆதிபுரீஸ்வரர் கோயிலும் இன்றும் அருகருகே நிற்கின்றன. பெருமாளைச் சேவித்துவிட்டுச் சிவனிடம் போவது எங்கள் தெருக்காரர்களுக்குப் பழக்கம். என் பாட்டிக்கு அதில் இரண்டு கோயில் என்ற எண்ணமே இருந்ததில்லை. சீயோன் தேவாலயமும் இந்தப் பேட்டையில்தான் இருக்கிறது. அதைக் கட்டிய அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்தான் 1862-இல் பெரிய தமிழ் – ஆங்கில அகராதியைத் தந்த மைரன் வின்ஸ்லோ. நாட்டின் முதல் பயணிகள் ரயில் என்று பம்பாய் – தாணா ரயிலைப் பற்றிப் பள்ளியில் படித்தோம். அது 1853. அதற்கு 17 ஆண்டு முன்பே, 1836-இல், சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்தருகே சோதனைக்காகச் சிறு தண்டவாளம் போட்டுப் பார்த்தார்கள் என்பதை என் ஆசிரியர்களில் ஒருவர்கூடச் சொன்னதில்லை.

தறிச் சத்தத்தை நான் கேட்டதில்லை, என் அம்மாவும் கேட்டதில்லை. சீமை மில் துணி வந்து இறங்கியதும் நாடெங்கும் கைத்தறி நொடித்தது, நெய்தவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். அந்தக் குடும்பங்களின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை. என் மனதை அறுப்பது அதுதான். தோட்டத்துச் சொந்தக்காரர் பெயர் தெரிகிறது, கவர்னர் பெயர் தெரிகிறது, நெய்தவர் பெயர் ஒன்றுகூடத் தெரியவில்லை.

இதே மறதி இப்போதும் நடக்கிறது. கூவக் கரையில் இருந்த குடும்பங்கள் பலவற்றைத் தெற்கே தொலைவில் இருக்கும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கு நாள் தவறாமல் பூ கொடுத்த அக்கா அப்படிப் போனவர். ஒருமுறை பண்டிகைக்கு வந்தவர், இரண்டு பஸ் மாறி வந்த களைப்போடு எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவர் போனபின், அவருடைய முழுப் பெயர் எனக்கே தெரியாது என்பது உறைத்தது. அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம்.

1995-இல் பறக்கும் ரயில் வந்ததிலிருந்து எங்கள் ஊர்ப் பெயரைத் தினமும் ஆயிரக்கணக்கானோர் படித்துக்கொண்டு போகிறார்கள். அந்த நிலையத்தில், பெயர்ப் பலகைக்குக் கீழே, சின்னத் தறிப்பேட்டை, நெசவாளர் குடியிருப்பு, 1734 என்று தமிழில் எழுதி வைக்கும்படி உங்கள் பத்திரிகை கேட்க வேண்டும். நிருபர் ஒருவரையும் அனுப்புங்கள். எண்பது வயதைத் தாண்டிய நாலைந்து பேர் எங்கள் தெருவில் இன்னும் தெளிவாகப் பேசுகிறார்கள். காலை பத்து மணிக்கு மேல் வந்தால் நானே வீடு வீடாகக் கூட்டிப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சிந்தாதிரிப்பேட்டை, சென்னை – 2