படம் முடிந்தும் எழாதவர்கள்

அமாகசாகி, ஜப்பான்,
7.12.2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

பாப்பா எழுதுகிறேன். நான் நலம். பாட்டிக்கு முழங்கால் வலி குறைந்ததா? போன் பண்ணும்போதெல்லாம் "கடைசியா என்ன படம் பார்த்த?" என்று கேட்கிறீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் சித்தி போனை வாங்கிவிடுகிறார். அதனால் இந்த முறை எழுதியே அனுப்பிவிடுகிறேன்.

இங்கே நான் முதன்முதலாகப் பார்த்த படம் முடிந்து, திரையில் பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். என் வரிசையில் ஒருவரும் அசையவில்லை. திரும்பிப் பார்த்தால் தியேட்டரே அப்படித்தான் உட்கார்ந்திருந்தது. நானும் உட்கார்ந்தேன். லைட் பாய், தையற்காரர், சாப்பாடு போட்டவர் என்று கடைசிப் பெயர் போய், விளக்கு எரிந்த பிறகுதான் எழுந்தார்கள். உங்களை நினைத்துக்கொண்டேன். 'வணக்கம்' போடும் முன்பே கூட்டம் கதவைத் தள்ளிக்கொண்டு போகும்போது, "உழைச்சவன் பேரைப் பார்த்துட்டுப் போனா என்ன?" என்று ஆபரேட்டர் ரூமிலிருந்து இறங்கி வந்து சத்தம் போடுவீர்களே.

இங்கே இடைவேளையே கிடையாது. மூன்று மணி நேரப் படமானாலும் ஒரே ஓட்டம்தான். நம் ஊர்ப் படங்கள் வரும்போது 'இடைவேளை' என்ற எழுத்து திரையில் வந்து நிற்கும், அடுத்த நொடி படம் தொடரும். டிக்கெட் 2,000 யென். நம் பணத்தில் ஆயிரம் ரூபாய்க்கு மேல். மாதத்தின் முதல் தேதியில் பல தியேட்டர்களில் விலை குறைப்பார்கள் என்பதால் அந்த நாளில் டியூட்டி விழாமல் பார்த்துக்கொள்கிறேன்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது காசு இல்லை, அந்த அமைதி. உள்ளே யாரும் பேசுவதில்லை, சரி. வெளியே வந்தும் பேசாமல் ரயிலேறிப் போகிறார்களே! நம் ஊரில் சைக்கிள் ஸ்டாண்டில் பூட்டைத் திறக்கும்போதே தொடங்கிவிடும் சண்டை, பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரை நீளும். முதல் ஆறு மாதம், பார்த்த படமெல்லாம் தொண்டையிலேயே நின்றது.

அதைத் திறந்துவிட்டவர், நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இருக்கும் ஒரு பாட்டி. வயது 88. இளவயதில் நூல் மில்லில் வேலை செய்தவர். வார லீவு நாளில் ஒரே டிக்கெட்டில் மூன்று படம் பார்த்துவிட்டு இரவுதான் விடுதிக்குத் திரும்புவாராம். 1958இல் இந்த நாட்டில் 112 கோடி டிக்கெட் விற்றிருக்கிறது. அப்போது ஜனத்தொகை ஒன்பது கோடிச் சொச்சம். கைக்குழந்தையையும் கணக்கில் சேர்த்தாலே ஆளுக்குப் பன்னிரண்டு படம். இரவு டியூட்டியில் அவருக்குத் தூக்கம் வராவிட்டால் நாங்கள் சினிமாதான் பேசுவோம்.

இந்த வருஷம் ஜூனில் வந்த 'கொகுஹோ' படத்துக்கு அவரைச் சக்கர நாற்காலியில் அழைத்துப் போனோம், நானும் என்னோடு வேலை செய்யும் ஓர் அக்காவும். அந்தப் பெயருக்குத் தேசத்தின் பொக்கிஷம் என்று பொருள். ஜப்பான்காரர்கள் நடித்து எடுத்த படங்களில் 2003இலிருந்து இருந்த வசூல் சாதனையைப் போன மாதம் இது தாண்டிவிட்டது, 1,730 கோடி யென்னுக்கு மேல். சண்டைப் படம் இல்லை சித்தப்பா. கபுகி கூத்தில் பெண்வேஷம் கட்டும் இரண்டு ஆண்களின் கதை! 1629இல் பெண்கள் கபுகி மேடையேறக் கூடாது என்று தடை போட்டார்கள். அதிலிருந்து ஆண்கள்தான் கட்டுகிறார்கள். அப்படிக் கட்டுகிறவருக்கு ஒன்னகாட்டா என்று பெயர்.

நாகசாகியில் ரௌடிக் கும்பல் தலைவனின் மகன் ஒருவன். அப்பா கொலையான பிறகு, ஒசாகாவின் பெரிய கபுகி நடிகர் அவனை வீட்டோடு வைத்துக் கற்றுக்கொடுக்கிறார். அவருக்குச் சொந்த மகனும் உண்டு. கபுகியில் பெயரும் வேஷமும் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போவதுதான் முறை. ஆனால் அவர் விபத்தில் அடிபட்டதும், தன் வேஷத்தைக் கட்டச் சொல்வது, தான் எடுத்து வளர்த்த பையனை. அன்றைக்கு ஒப்பனை அறையில் அவன் கை நடுங்குகிறது, மையெழுதவே முடியவில்லை. வாய்ப்பை இழந்த மகன் வந்து, தூரிகையை வாங்கி அவனுக்கு எழுதிவிடுகிறான். "உன் ரத்தத்தைக் குடிக்கணும்போல இருக்கு" என்கிறான் இவன். அந்த வம்ச ரத்தம் இருந்தால் தன்னைக் காப்பாற்றும் என்ற தவிப்பு. எனக்கு மூச்சு நின்றுவிட்டது.

அன்று அவன் கட்டியது சொனெசாகி என்ற காதல் கதையின் நாயகி வேஷம். 1703இல் நாடகாசிரியர் சிகாமாட்சு எழுதியது. சொனெசாகி, ஒசாகாவில் நான் ரயில் மாறும் உமேதாவிலிருந்து நடக்கும் தூரம்தான். அந்த நாயகியின் பெயரால் அழைக்கப்படும் கோயில் கடைகளுக்கு நடுவே இருக்கிறது. மறுநாள் வேலை முடிந்து போய் நின்றுவிட்டு வந்தேன்.

படம் முடிந்து இல்லத்தின் சமையலறையில் டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். அக்கா முழுக்க அந்த மகனுக்காக அழுதார். இயக்குநர் லீ சாங்-இல் இங்கேயே பிறந்த கொரிய வம்சத்துக்காரர், ரத்தம் என்ற சொல்லின் கனம் அவருக்குத் தெரியும் என்றார். பாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. "அந்த இரண்டு பேருக்காகத் தங்கள் வாழ்க்கையைக் கொடுத்த பெண்களை ஏன் ஓரமாக நிற்கவைத்தார்கள்?" என்று கேட்டார். நாயகன் விட்டுவிட்டுப் போன மகள் கடைசியில் வந்து நாலு வார்த்தை பேசினால் சரியாகிவிடுமா என்றார். எனக்குப் படம் பிடித்திருந்தது, இப்போதும் பிடிக்கிறது. ஆனாலும் பாட்டி சொன்னது நியாயம். நம் பக்கத்துக் கூத்தில் திரௌபதி கட்டுகிறவர் சபையில் முடியவிழ்த்து நிற்கும்போது பெண்கள் கும்பிடுகிறார்களே. விடிந்ததும் அவருக்குச் சோறாக்கிப் போடும் மனைவியை நாம் யாராவது கேட்டிருக்கிறோமா?

இங்கே யாரும் "படம் தேறுமா?" என்று கேட்பதில்லை. "எது மனசில் தங்கிவிட்டது?" என்றுதான் தொடங்குகிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

சத்தம் போட்டுப் பார்க்கும் இடமும் இங்கே உண்டு! எங்கள் ஊரிலேயே, ரயில் நிலையத்துக்கு எதிரே சுகாகுச்சி சன்சன் தியேட்டர். 'மசாலா காட்சி' என்று தனியாக அறிவிப்பார்கள். புடவை கட்டிய ஜப்பானியப் பெண்கள் கஞ்சிரா மாதிரி ஒன்றைத் தட்ட, நாயகன் வரும்போது காகிதப் பூ பறக்கிறது, காகிதப் பட்டாசு வெடிக்கிறது. முடிந்ததும் வந்தவர்களே குனிந்து காகிதங்களைப் பொறுக்குகிறார்கள். பக்கத்தில் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா நான் தமிழ் என்றதும் கையைப் பிடித்துக்கொண்டார். 1998இல் டோக்கியோ ஷிபுயாவின் சினிமா ரைஸ் தியேட்டரில் 'முத்து' பார்த்தவர். பாஷை புரியாமலே இரண்டாம் முறை வரிசையில் நின்றாராம். ரஜினி துண்டைச் சுழற்றியதை விடவும், கடைசியில் எஜமான் வேலைக்காரன் உறவு மாறும் இடம்தான் அவர் மனசில் தங்கியதாம். அந்தத் தியேட்டர் 2016இல் மூடிவிட்டது என்று சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மியது. நம் தியேட்டரும் இல்லை என்றேன், எங்கள் சித்தப்பாதான் அதில் ஆபரேட்டர் என்றேன்.

இதை இல்லத்துப் பாட்டியிடமும் சொன்னேன். அன்றிலிருந்து உங்களைப் பற்றியே கேட்கிறார். ரீல் மாற்றிக்கொண்டு, கார்பன் குச்சியைத் தள்ளிக்கொண்டு, அந்தச் சின்ன ஓட்டை வழியாக நீங்கள் ஒரு படத்தையாவது முதலிலிருந்து கடைசிவரை பார்த்திருப்பீர்களா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். எனக்கும் தெரியவில்லை. சித்தியிடம் போனைக் கொடுக்காமல் நீங்களே சொல்லுங்கள்.

அன்புடன்,
பாப்பா