பாகங்களை எண்ணுவதை விட்டுப் புகையை அளந்து பாருங்கள்

வாகனப் புகைச் சோதனைக்கு விதி எழுதும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். என்னிடம் இருப்பது 1974 மாடல் கார்ப்பரேட்டர் கார். அமெரிக்காவில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பரவலாக வந்தது 1975 மாடல்களில். என் வண்டி அதற்கு ஒரு வருடம் மூத்தது. பானெட்டைத் திறந்தால் என்ஜினுக்கு முன்னால் வேக்கம் ஹோஸ்கள்தான் (வெற்றிடக் குழாய்கள்) கண்ணில் படும். பாதி ஹோஸ் விரல் பட்டாலே நொறுங்கும்.

போன முறை சோதனைக்குப் போனபோது புகையின் நச்சைக் குறைக்கும் இஜிஆர் வால்வின் டயாஃப்ரம் (உள்சவ்வு) கிழிந்து, வால்வு திறக்கவே இல்லை. மேடு ஏறினால் நாக்கிங், என்ஜினில் தட்டும் சத்தம். அதே வேலைக்கு இருக்கும் ஏர் பம்பின் பேரிங் கரகரவென்று கத்தியது. சோதித்தவர் டார்ச் அடித்துப் பார்த்தார், எல்லாப் பாகமும் 'இருக்கிறது' என்று டிக் போட்டார். பாஸ்!

அப்புறம் ஹோஸ்களை மாற்றினேன், கார்ப்பரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்தேன். இஜிஆர் வால்வைத் தேடிப் பிடித்துப் புதிதாக மாட்டினேன். எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விட்டு எரிவெப்பத்தைத் தணித்து நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பது அதன் வேலை. அதை அடைத்துவிடச் சொல்லும் நண்பர்களின் பேச்சை நான் கேட்பதில்லை. பம்பை மட்டும் கழற்றினேன். இந்த முறை சோதனையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் வரம்புக்குள்தான் வந்தன. ஆனால் பம்ப் இல்லை, ஃபெயில்.

பம்ப் வெட்டி என்று சொல்லவில்லை. எக்ஸாஸ்ட்டில் காற்றை ஊதி, எரியாமல் மிஞ்சியதை எரிக்கிறது. கூடவே புகையில் காற்றைக் கலந்து, மீட்டர் காட்டும் அளவையும் இறக்கிவிடுகிறது. இது உங்களுக்கும் தெரிந்ததுதானே?

என் கோரிக்கை இதுதான்: வண்டியை ரோலரில் ஏற்றி, சக்கரங்களை ஓடவிட்டு, லோடு கொடுத்து அளந்து பாருங்கள். ஐட்லிங்கில் நிற்கும் என்ஜினில் நைட்ரஜன் ஆக்சைடு சரியாகப் பிடிபடாது. கிழிந்த இஜிஆர் தப்பித்துப் போவது அப்படித்தான். வண்டி புதிதாக வந்த காலத்து வரம்பையே வையுங்கள். தாண்டினால் திருப்பி அனுப்புங்கள், வாதாட மாட்டேன். என்ஜினுக்குள் கசியும் வாயுவைத் திரும்ப எரிக்க அனுப்பும் பிசிவி வால்வையும், பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரி டப்பாவையும் மட்டும் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். அவை இல்லாத குறை சைலன்சர் குழாயில் தெரியாது.

பம்பை நான் தூக்கிப் போடவில்லை, ஷெட்டில் பத்திரமாக இருக்கிறது. ரோலரில் வைத்து அது தேவை என்று காட்டினால், பேரிங்கை மாற்றி அந்த வாரமே மாட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய கார்க்காரன்