பயிற்சிக்கூடத்தில் எத்தனை மணி நேரம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பள்ளிப் படிப்பை முடிப்பவர்களுக்காக நீங்கள் வெளியிட்ட பட்டப்படிப்பு வழிகாட்டியை எங்கள் வீட்டில் நானும் மகளும் மாற்றி மாற்றிப் படித்தோம். நான் இருபது ஆண்டுகளாக நெட்வொர்க் நிர்வாகியாக, அதாவது கணினிகளை ஒன்றோடொன்று இணைத்துப் பராமரிப்பவனாக, வேலை பார்க்கிறேன். மகள் பல் சுகாதாரப் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு. கணினிப் படிப்புகளுக்கு இரண்டு பக்கம் கொடுத்திருக்கிறீர்கள், நெட்வொர்க்கிங்குக்கு ஒரு பத்தி. பல் சுகாதாரத்துக்கு, 'பல் மருத்துவரின் உதவியாளர் வேலைக்குப் போகலாம்' என்று ஒரே ஒரு வரி. அந்த வரியைப் படித்ததும் அவள் முகம் வாடிப்போனது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

உதவியாளர் வேறு, பல் சுகாதாரம் படித்து வரும் ஹைஜீனிஸ்ட் வேறு. உதவியாளர், மருத்துவர் வேலை செய்யும்போது பக்கத்தில் இருந்து கருவி எடுத்துக் கொடுப்பார், உமிழ்நீரை உறிஞ்சும் குழாயைப் பிடிப்பார். அவர் இல்லாமல் மருத்துவருக்குக் கை ஓடாது. ஹைஜீனிஸ்ட்டோ நோயாளியின் வாயில் தானே வேலை செய்பவர். ஈறுகளை அளப்பது, பல்லில் இறுகிய காரையைச் சுரண்டி எடுப்பது, ஃபுளோரைடு பூசுவது, கடைவாய்ப் பற்களின் குழிகளைச் சொத்தை வராமல் அடைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் என்ற பல் மருத்துவர், 1906-இல் தன்னிடம் உதவியாளராக இருந்த ஐரீன் நியூமனுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தார். 1913-இல் இதற்கென்றே ஒரு பள்ளியையும் தொடங்கினார். அங்கே படித்தவர்கள் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளின் பற்களைச் சுத்தம் செய்தார்கள், பல் துலக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பல் கெட்ட பிறகு பிடுங்குவதை விட, கெடாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்ற யோசனையில் பிறந்த தொழில் இது.

படிப்பு லேசானதும் இல்லை. பல்லில் படியும் கிருமிப்படலம் சில நாட்களிலேயே உமிழ்நீரில் உள்ள தாதுக்களை வாங்கிக்கொண்டு இறுகத் தொடங்கும். காரையாக இறுகிவிட்டால் பிரஷ்ஷால் போகாது. ஈறுக்கு மேலே இருப்பது கண்ணுக்குத் தெரியும். கீழே இருப்பதைக் கருவியின் நுனி வழியாக விரல்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் ஈறு எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று மில்லிமீட்டரில் அளந்து எழுதுவார்கள். 32 பல் இருந்தால் 192 எண்கள். பொதுவாக 3 வரை இருந்தால் கவலை இல்லை, 4-ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும். கொஞ்சம் அழுத்திவிட்டால் நோயாளிக்கு வலிக்கும், அளவும் தப்பாகும். அதோடு, மேல்தாடைப் பற்களின் உட்பக்கத்தைச் சின்னக் கண்ணாடியில் பார்த்துத்தான் வேலை செய்ய வேண்டும், கண்ணுக்குத் தெரிவது ஒரு பக்கம், கை போக வேண்டியது இன்னொரு பக்கம். மகள் முதலில் மாதிரித் தாடையிலும், அப்புறம் உடன் படிப்பவர்கள் வாயிலும் பழகிவிட்டு, இப்போதுதான் நோயாளிகளிடம் போகிறாள். ஒவ்வொரு முறையும் ஆசிரியர் வந்து சரிபார்த்த பிறகுதான் நோயாளியை அனுப்புவார்களாம்.

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு என் படிப்பு நினைவுக்கு வரும். நான் படித்த கல்லூரியில் நெட்வொர்க்கிங் பாடம் முழுக்கக் கரும்பலகையில்தான். நெட்வொர்க்கின் வேலையைப் பிரித்துச் சொல்லும் ஏழு அடுக்குகளையும் தூக்கத்தில் கேட்டால்கூடச் சொல்வேன். ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு கேபிளிடம் தோற்றுப்போனேன். அதற்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று ஜோடி ஜோடியாக வரிசையில் வைத்து கேபிளின் இரண்டு முனையிலும் பிளக்கை வைத்து அழுத்திப் பொருத்தி (கிரிம்ப்) விட்டேன். டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிந்தன. இணைப்பு மட்டும் விட்டுவிட்டு அறுந்தது. கணினிகளை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியை மாற்றினேன், கணினியை மாற்றினேன், இரண்டு நாள் போனது. பிளக்கில் 3-ஆம், 6-ஆம் இடங்களில் இருப்பவை ஒரே ஜோடிக் கம்பிகளாக இருக்க வேண்டும், அதற்காகத்தான் பச்சை ஜோடியைப் பிரித்து நடுவில் நீலத்தை வைக்கிறார்கள் என்று ஒரு மூத்த டெக்னீஷியன் சொல்லித்தான் தெரிந்தது. ஒன்றாக முறுக்கிய கம்பிகளில்தான் வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் விழுந்து கழிந்துபோகும். ஒரே ஒரு மாலை பயிற்சிக்கூடத்தில் உட்கார வைத்திருந்தால் அந்த இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

இப்போது பல இடங்களில் நெட்வொர்க்கைத் திரையிலேயே போலியாக ஓட்டிக் காட்டும் சிமுலேட்டரை வைத்தே பயிற்சியை முடித்துவிடுகிறார்கள். சிமுலேட்டர் நல்ல கருவிதான், ஐம்பது ரவுட்டரை வாங்காமலே இணைத்துப் பார்க்கலாம். ஆனால் அதில் கேபிள் கெடாது, மின்சாரம் போகாது, யாரோ தப்பான துளையில் செருகிவிட்டுப் போக மாட்டார்கள்.

கணினிப் படிப்புகளைப் பற்றி நீங்கள் நிறையவே எழுதிவிட்டீர்கள், ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். இன்று சந்தையில் ஓடும் மென்பொருளின் பெயர்களைப் பாடத்திட்டத்தில் அடுக்கியிருக்கிறார்களா என்று பார்த்துச் சேர வேண்டாம். 1983 ஜனவரி 1 அன்று, இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் மாறிக்கொண்ட டிசிபி/ஐபி என்ற தகவல் பரிமாற்ற முறைதான் இன்றைக்கும் இணையத்தைத் தாங்குகிறது. நான் படித்த காலத்துத் திரைகளும் மெனுக்களும் எப்போதோ போய்விட்டன. கணினிகளின் நெட்வொர்க் முகவரிகளை எப்படிப் பிரிப்பது, அனுப்பிய தகவல் துண்டு (பாக்கெட்) ஏன் போய்ச் சேரவில்லை என்று படிப்படியாகத் தேடுவது எப்படி என்பதை வைத்துத்தான் இன்னும் சம்பளம் வாங்குகிறேன்.

அடுத்த வழிகாட்டி வெளியிடும்போது கல்லூரிகளிடம் இதையெல்லாம் கேட்டு அச்சிடுங்கள்: ஒரு மாணவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் பயிற்சிக்கூடம்? ஒரு ஸ்விட்ச்சுக்கு எத்தனை பேர்? பட்டம் வாங்குவதற்குள் ஒரு ஹைஜீனிஸ்ட் மாணவி எத்தனை நோயாளிகளைப் பார்த்து முடிப்பாள், பக்கத்தில் யார் நிற்பார்கள்? படித்து முடித்ததும் பதிவுக்கும் உரிமத்துக்கும் அந்தப் பட்டம் செல்லுமா? கட்டணத்தையும் கட்டடப் படத்தையும் எல்லாக் கல்லூரியும் தானாகவே தந்துவிடும், இவற்றைக் கேட்டால்தான் வாங்க முடியும். விண்ணப்பிக்கும் முன் பெற்றோர் நேரில் போய்ப் பயிற்சிக்கூடத்தைத் திறந்து காட்டச் சொல்லலாம் என்றும் ஒரு வரி போடுங்கள்.

அப்புறம், அந்த உதவியாளர் வரியைத் திருத்தி வரும் இதழிலேயே வெளியிட வேண்டுகிறேன். என் மகளின் வகுப்பில் எல்லோரும் உங்கள் இதழைப் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்