தைச் சூரியனை ஆடியிலேயே படமெடுக்க வேண்டும்: பொங்கல் விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மொரீஷியசில் தைப்பொங்கல் விழா எடுக்கும் தமிழ் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும் தமிழ் வகுப்பு ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

மாணவர்கள் தாங்களே எடுத்த சூரியனின் டைம்லாப்ஸ் படங்களை (இடைவிட்டு எடுத்த படங்களை வேகமாக ஓட்டிக் காட்டும் அசைபடங்களை)ப் பொங்கல் கண்காட்சியில் திரையிட விரும்புவோர் தயவுசெய்து அதற்கான அழைப்பை டிசம்பரில் விடாமல் ஜூன் மாதத்திலேயே விட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

நம் தீவு ஏறக்குறைய 20 பாகை தென் அட்சரேகையில் இருப்பதால், நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி பிற்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சந்தலையை ஒட்டியே நிற்கிறது. பள்ளிகள் வாங்கக்கூடிய எளிய தாங்கியில் பொருத்திய தொலைநோக்கிக்கு உச்சியில் நிற்கும் சூரியனைப் பின்தொடர்வது கடினம். பிம்பமும் வேகமாகச் சுழன்றுவிடும். போதாக்குறைக்கு அது மழையும் புயலும் வரும் பருவம். ஆடி மாதத்திலோ சூரியன் வடவானில் வசதியான உயரத்தில் இருக்கும். கியூர்பிப் மேட்டில் தூறல் விழும் நாளிலும் பிளிக் ஆன் பிளாக் பக்கம் வெயில் அடிப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தரை சூடேறிக் காற்று அலையத் தொடங்கும் முன், காலையிலேயே படமெடுத்து முடிப்பது நல்லது.

வேலை முறை சிக்கலானதன்று, பொறுமைதான் வேண்டும். ஷார்ப்கேப் போன்ற மென்பொருளில் நிமிடத்துக்கு ஒரு முறை சில விநாடி வீடியோ பதிவு செய்யப்படுகிறது. ஒவ்வொரு பதிவிலும் உள்ள நூற்றுக்கணக்கான சட்டங்களில் (ஃபிரேம்களில்) காற்றின் கலக்கம் குறைந்தவற்றை மட்டும் ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற மென்பொருள் பொறுக்கி அடுக்கி ஒரே படமாக்குகிறது. பிறகு இம்பிபிஜி என்ற இன்னொரு மென்பொருள் எல்லாப் படங்களையும் ஒரே அளவில் கூர்மைப்படுத்தி, சூரியன் திரையில் துள்ளாதபடி ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தித் தருகிறது. இரண்டு மணி நேரத்தில் கிடைக்கும் 120 படங்களை விநாடிக்கு 12 வீதம் ஓட்டினால் பத்து விநாடிப் படம் கிடைக்கும். அதில் காலம் 720 மடங்கு விரைகிறது. ஹைட்ரஜன் வெளியிடும் குறிப்பிட்ட சிவப்பு ஒளியை மட்டும் காட்டும் ஹைட்ரஜன் ஆல்ஃபா தொலைநோக்கி இருந்தால் விளிம்பில் எழுந்து சரியும் பிழம்புகளைப் பார்க்கலாம். அதன் விலை அதிகம் என்பதால் பெரும்பாலான பள்ளிகளுக்கு நான் பரிந்துரைப்பது வேறொன்று: சாதாரண வெள்ளொளி வடிகட்டியுடன் தினம் ஒரே நேரத்தில் ஒரு படம். ஒரு கரும்புள்ளிக் கூட்டம் சூரிய முகத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போக இரண்டு வாரம் போல ஆகும். குளிர்கால விடுமுறை அதற்குப் போதும். கோடைக்கானல் ஆய்வகம் 1904 முதல் இப்படித்தான் நாள்தோறும் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்து வந்திருக்கிறது.

திரையிடும் படங்களுக்குச் சில விதிகளையும் அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். தேதியும் நேரமும் திரையின் ஓரத்தில் தெரிய வேண்டும். இல்லையென்றால் இரண்டு மணி நேர மாற்றத்தைப் பார்வையாளர் பத்து விநாடி மாற்றமாக எடுத்துக்கொள்வார். மேகம் மறைத்த நிமிடங்களை இடைச்சட்டங்களால் மென்பொருளே நிரப்ப விடக்கூடாது. இடைவெளி இடைவெளியாகவே தெரியட்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கறுப்பு வெள்ளைக் கேமராவில் எடுத்த படத்துக்கு ஆரஞ்சு நிறம் பூசியிருந்தால் அதையும் குறிப்பிட வேண்டும். கருவியே இல்லாத பள்ளி, சூரியனை ஆராயும் நாசாவின் எஸ்.டி.ஓ. விண்கலம் 2010 முதல் எடுத்துவரும் படங்களிலிருந்து அசைபடம் செய்யலாம். அப்போது எடுத்தவர் பெயரைப் போடுவது முறை.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வடிகட்டி தொலைநோக்கியின் முன்வாயில்தான் இருக்க வேண்டும், கண்ணருகே அல்ல. ஒவ்வொரு காலையும் அந்த வடிகட்டித் தாளை விளக்கின் முன் பிடித்து ஊசித்துளை இருக்கிறதா என்று பார்த்த பிறகே பொருத்த வேண்டும். ஆடியில் தென்கிழக்குக் காற்று பலமாக வீசும் என்பதால் அதை ஒட்டுப்பட்டையால் சுற்றிக் கட்டுவது அவசியம். குறிபார்க்க உதவும் சிறிய துணைத் தொலைநோக்கியை மூடியே வைக்க வேண்டும். ஒரு பெரியவர் பக்கத்தில் நிற்காமல் எந்த மாணவரையும் கருவியைத் தொட விடக்கூடாது.

ஜூன் அழைப்போடு ஒரு சனிக்கிழமைப் பயிற்சிக்கும் ஏற்பாடு செய்தால், வடிகட்டிகளைச் சோதித்துப் பார்க்கவும் மென்பொருளைக் கணினிகளில் நிறுவிக் கொடுக்கவும் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
குவாத்ர் போர்னிலிருந்து ஒரு வானியல் ஆர்வலர்