நர்சம்மாவுக்காக வந்தவர்களுக்கு

எங்கள் அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் நல்லபடியாக முடிந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள், வர முடியாமல் போனில் பேசி அழுதவர்கள், பந்தல் போட்டது முதல் பாத்திரம் கழுவியது வரை கூடவே நின்றவர்கள், அனைவருக்கும் பிள்ளைகள் மூவரின் நன்றி. இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் தம்பி சொன்னான். ஆனால் பழைய பாக்கி நிறைய இருக்கிறது.

வேதாரண்யம் பக்கத்து உப்பளக் கிராமங்களில் அம்மா கிராம சுகாதார செவிலியராக இருந்தார். ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர் என்பது அரசாங்கக் கணக்கு. அதில் யாருக்கு எந்த ராத்திரியில் வலி எடுக்கும் என்று கண்டது யார்? கதவைத் தட்டினால் அம்மா கிளம்பிவிடுவார். அப்பா உப்பு லாரியோடு எங்கேயோ இருப்பார். அந்த இரவுகளில் எங்களை வாரிக்கொண்டுபோய்த் தன் பாயில் படுக்கவைத்த எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்குத்தான் முதல் நன்றி. விடிந்ததும் தலை பின்னி, பழையது கரைத்துக் கொடுத்துப் பள்ளிக்கூடம் அனுப்பியதும் அவர்தான். அம்மாவின் தியாகம் பற்றி இந்த நாட்களில் பலர் பேசினார்கள். அதில் பாதி பெரியம்மாவுடையது.

அப்புறம் ஊர் மருத்துவச்சிப் பாட்டி. தன் பிழைப்பில் கைவைக்க வந்தவள் என்று அம்மாவை அவர் விரட்டியிருக்கலாம். மாறாக, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, பெண்ணுக்குக் கால் வீங்கியிருக்கிறது என்றால் முதலில் ஆளனுப்பியவர் அவர். அவர் சொல் இல்லாமல் எந்த வீட்டிலும் அம்மாவை நடை தாண்ட விட்டிருக்க மாட்டார்கள். பாட்டி இப்போது இல்லை. பேரப்பிள்ளைகளாவது இதைப் படிக்கட்டும்.

புதன்கிழமை தடுப்பூசிப் பெட்டிக்காகப் பேருந்தை நிறுத்திக் காத்திருந்த நடத்துநர்களையும் மறக்கவில்லை. 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தால்தான் அந்த மருந்து மருந்து. "நர்சம்மா பெட்டி வருது, தள்ளி நில்லுங்க" என்று அவர்கள் போட்ட சத்தத்துக்கு எத்தனையோ பிள்ளைகள் கடன்பட்டிருக்கின்றன.

உப்பளத்து அக்காமார்களே, சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து நீங்கள் வேலியோரம் எறிந்ததும், அம்மா எதிரில் நின்று விழுங்கவைத்ததும், திட்டியதும் எங்களுக்குத் தெரியும். பொறுத்துக்கொண்டதற்கு நன்றி. அம்மாவுக்கு வாய் கொஞ்சம் அதிகம்தான்.

போலியோ சொட்டு மருந்து முகாம்களில் அவரோடு நாள் முழுக்க உட்கார்ந்த அங்கன்வாடி, சத்துணவு ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம். 2014 மார்ச் 27 அன்று இந்தியாவுக்குப் போலியோ இல்லை என்ற சான்று கிடைத்தபோது, தன் கையில்தான் கொடுத்தார்கள் என்பதுபோல அம்மா தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தார்.

2018 நவம்பரில் கஜா எங்கள் கூரையைப் பிய்த்தெறிந்தபோது ஓய்வுபெற்ற அம்மா பள்ளிக்கூட முகாமில் உப்பு சர்க்கரைக் கரைசல் கலக்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்குத் தார்ப்பாய் கட்டியது மேலத்தெரு இளைஞர்கள். தம்பிகளா, கூலி வாங்க மறுத்துவிட்டீர்கள், இதையாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

பக்கவாதம் வந்து படுத்த பிறகு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்த செவிலியருக்கும், கைகால்களுக்குப் பயிற்சி கொடுத்த இயன்முறை மருத்துவருக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். ரத்த அழுத்தம் பார்க்கும்போது பட்டை இருதய மட்டத்தில் இல்லை என்று குழறிய வாயாலேயே அம்மா அதட்டுவார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "சரிங்க சிஸ்டர்" என்று மறுபடி கட்டுவார். பணிமூப்புக்குக் கிடைத்த அந்த மரியாதையில்தான் அம்மாவின் முகம் கடைசிவரை தெளிவாக இருந்தது.

அம்மா பார்த்த பிரசவங்களைத் தேதி, நேரத்தோடு எழுதிவைத்த நோட்டுகள் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. ஜாதகம் எழுதப் பிறந்த நேரம் கேட்டு அவரிடம் வந்ததுபோல இனியும் வரலாம். மாலை ஆறு மணிக்குமேல் யாராவது வீட்டில் இருப்போம், உங்கள் பக்கத்தை எடுத்துக் காட்டுகிறோம்.